சொன்னதைக் கேட்காத தோரின்: ஏவலும் வரைபடமும்

'வாசகன்தான் பிரதியை எழுதுகிறான்' என்று சொல்லிச் சொல்லி நமக்குத் தொண்டை வறண்ட காலம் ஒன்று உண்டு. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தது. அதன் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள், செத்துப்போன ஆசிரியனுக்கு ரொலான் பார்த்தை முன்னிறுத்திச் சிறுபத்திரிகைகள் காரியம் செய்துகொண்டே இருந்தன. அதே 1982இல், இந்த விவாதம் எதுவும் காதில் விழாத மெல்பர்ன் நகரத்து நிறுவனம் ஒன்று ஒரு நாவலைப் பிரித்துப்போட்டு, கேசட்டில் அடைத்து, இனி நீயே நடத்திக்கொள் என்று வாசகன் கையில் கொடுத்துவிட்டது. நாவல், டோல்கீன் 1937இல் வெளியிட்ட 'தி ஹாபிட்'. நிறுவனம் பீம் சாஃப்ட்வேர். வெளியிட்டது மெல்பர்ன் ஹவுஸ் பதிப்பகம். பெட்டிக்குள் கேசட்டோடு நாவலின் பிரதி ஒன்றும் இருந்தது. ஒரே பெட்டியில் இரண்டு பிரதிகள். ஒன்றை வாசிக்கலாம், இன்னொன்றோடு பேசலாம்.

பேசலாம் என்பது கொஞ்சம் அதிகப்படியான வார்த்தை. ஏவலாம். திரையில் நீ நிற்கும் இடத்தைப் பற்றி இரண்டொரு வாக்கியம் வரும். எந்தெந்தத் திசையில் வழி இருக்கிறது, என்னென்ன கிடக்கிறது, யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லும். கீழே ஒரு காலி இடம். அங்கே கதவைத் திற, கிழக்கே போ, வாளை எடு என்பதை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். புரிந்தால் நடந்ததைச் சொல்லும். புரியாவிட்டால் அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று கையை விரிக்கும். ஸ்பெக்ட்ரம் என்ற அந்தக் குட்டிக் கணினியின் நினைவகம் 48 கிலோபைட். இன்றைய குறிமுறையில் தமிழ் எழுத்துகள் பிடிக்கும் இடத்தைக் கணக்குப் பார்த்தால் இந்தக் கட்டுரை அதற்குள் அடங்குவதே சந்தேகம். அதில் ஒரு முழு நாவலின் உலகத்தை அடக்க வேண்டுமானால் எதையெல்லாம் வெளியே தள்ள வேண்டும்? நாவலில் தோரினோடு சேர்த்துப் பதின்மூன்று குள்ளர்கள். விளையாட்டில் தோரின் மட்டும்தான். மிச்சப் பன்னிரண்டு பேர் நினைவகப் பற்றாக்குறையால் காணாமல் போனவர்கள். விவரணை போயிற்று, நகைச்சுவை போயிற்று, காலம் போயிற்று. நாவலைக் கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சியபின் அடியில் இரண்டே பொருள் தங்கியது. ஒன்று வரைபடம், மற்றொன்று வினைச்சொல் பட்டியல்.

இந்த இரண்டுக்கும் வரலாறு உண்டு. இந்த விளையாட்டை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறவர்கள் அதைப் பேசுவதில்லை. நமக்கு அந்த ஏக்கத்துக்கு இடமும் இல்லை. 1984-85இல் ஒன்றிய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் இந்தியா முழுக்க ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. ஹாபிட்டுக்கு அந்தக் கணினியில் ஓடும் வடிவமும் உண்டு, படங்கள் இல்லாமல் வெறும் எழுத்தாக. 250 பள்ளி என்பது இந்த நாட்டுக்கு எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இதை விளையாடியது இந்த நூற்றாண்டில்தான், முகத்துவாரக்குப்பத்தில், பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்ட லேப்டாப்பில். பக்கத்து வீட்டுப் பையன்கள் சுற்றி உட்கார, திரையில் வருவதை நான் தமிழில் சொல்ல, அவர்கள் என்ன செய்யலாம் என்று சொல்ல, நான் தட்ட. அதாவது கதை கேட்பதுபோலத்தான் விளையாடினோம்.

பூதங்களின் நிலவறையில் மாட்டிக்கொண்டோம். ஜன்னல் எட்டாத உயரத்தில். தப்பிக்க ஒரு வழி, கூட வரும் தோரினிடம் என்னைத் தூக்கு என்று சொல்வது. சொன்னோம். தோரின் மாட்டேன் என்றான். மறுபடி சொன்னோம். தோரின் கீழே உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாட ஆரம்பித்துவிட்டான். விளையாடிய எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற இடம் இதுதான். வலை பின்னிக்கொண்டே காது கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"இன்னா தம்பி சொல்றான் அவன்?"

"பாட்டு பாடுறானாம் நைனா. தூக்குன்னா தூக்க மாட்டேங்குறான்."

"கூலி பேசிக்கினு இட்டாந்தியா, சும்மா இட்டாந்தியா?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நாவல் ஞாபகம் வந்தது. நாவலில் கூலிக்கு வந்தவன் தோரின் அல்ல, பில்போ. திருடிக் கொடுக்கும் வேலைக்குக் கிடைப்பதில் பதினான்கில் ஒரு பங்கு என்று எழுத்தில் ஒப்பந்தம். பங்குக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை. நாவலில் முதலாளி தோரின். விளையாட்டோ, விசைப்பலகை கையில் இருக்கிற ஒரே காரணத்தால், பங்காளை ஏவுகிறவனாகவும் முதலாளியை ஏவப்படுகிறவனாகவும் மாற்றிவிட்டது. அந்த மாற்றத்துக்கு உடன்படாமல் உட்கார்ந்துவிட்டவன் தோரின் என்று வாசித்தால் என்ன? அத்துமீறிய வாசிப்புதான். வாசகன் எழுதும் பிரதி என்று சொல்லிவிட்டு, குப்பத்து வாசகர் எழுதும்போது மட்டும் அளவுகோலை எடுக்கக் கூடாது.

தோரின் இப்படி நடந்துகொள்வதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். வெரோனிகா மெக்லர், அப்போது மெல்பர்னில் பல்கலைக்கழக மாணவி, 1981இல் பீம் நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தவர். தட்டிய வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஃபிலிப் மிட்செலுடையது. 'இங்லிஷ்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். விளையாட்டின் உள்ளியக்கமும் பாத்திரங்களின் நடத்தையும் மெக்லருடையவை. முந்தைய விளையாட்டுகளில் ஒருமுறை முடித்துவிட்டால் அப்புறம் சுவாரசியம் இல்லை. அதே இடத்தில் அதே பொருள், நீ வரும்வரை உலகம் மூச்சுவிடாமல் நிற்கும். மெக்லர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாகச் செயல்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு நடக்கும், எடுக்கும், சண்டை போடும். நீ பார்க்காத இடத்தில் யாராவது செத்துப்போய், அவன் இல்லாமல் முடிக்க முடியாதபடி விளையாட்டே முட்டுச்சந்தில் நிற்பதும் உண்டு. நீ எதுவும் தட்டாமல் இருந்தால்கூட நேரம் போய்க்கொண்டிருக்கும். வாங்கியவர்களில் பலர் இதைக் கோளாறு என்றார்கள். கோளாறுகளும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் எது கோளாறு, எது சுதந்திரம் என்று பிரிக்கும் கோடு, ஏவுகிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. பெரிய பறவைநாகத்தை நாயகன் கொல்வதில்லை. வில்லாளி பார்டிடம் சொல்ல வேண்டும். பீப்பாயில் தப்பிக்க வேண்டுமானால் ஒயின் கிடங்கில் வேலை செய்கிற பட்லர் வரும்வரை காத்திருக்க வேண்டும். தன் கையால் எதையும் முடிக்க முடியாத நாயகன்! விளையாட்டு கடைக்கு வரும்போது மெக்லர் அந்த வேலையில் இல்லை. அது அடைந்த புகழ் அவருக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் தமிழின் சிக்கல் தலைகாட்டியது. ஆங்கிலத்தில் ஒரே 'யூ'. தமிழில் அந்த இயந்திரம் என்னை 'நீ' என்கிறதா, 'நீங்கள்' என்கிறதா? நான் தோரினை என்னவென்று ஏவுவது? அவன் வயசாளி, அரச வம்சம், தாடி நெஞ்சுவரை. பையன் ஒருவன், "அண்ணே கொஞ்சம் தூக்குணேன்னு அடிங்க" என்றான். அந்த 'அண்ணே'வைத் தட்ட விசைப்பலகையில் இடமில்லை. நன்னூல் வினைப்பகுதிகளைக் காட்டும்போது ஏவல் ஒருமை வடிவிலேயே காட்டுகிறது. நட, வா என்று இலக்கணத்தின் வேராக நிற்கும் சொல்லே ஒரு கட்டளை. மரியாதை அதன்மேல் பிறகு ஒட்டவைக்கும் விகுதி. யாரிடமும் சொல்லக்கூடிய வியங்கோள் இருந்தது. அது இன்று வாழ்த்து மடலுக்கும் சுவரொட்டிக்கும் ஒதுங்கிவிட்டது. மிஞ்சியது 'வா'வும் 'வாங்க'வும். 'வா' என்பது நெஞ்சுக்கு நெருக்கமானவனுக்கும் காலடியில் நிறுத்தப்பட்டவனுக்கும் ஒரே வடிவம். எது எந்த 'வா' என்று கேட்கிற காதுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் மகன் அப்பனை 'வா நைனா' என்பான், அதில் குறைவில்லை. இதைக் கேட்டு வடசென்னைக்காரனுக்கு மரியாதை தெரியாது என்று முகம் சுளிக்கிற அதே ஆள், தொழிற்சாலை வாசலில் நிற்கும் அறுபது வயசுக்காரரை 'இங்க வாப்பா' என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடும்போது அது அவன் காதுக்கு உறைப்பதில்லை.

ஏவல் வினையே ஆட்சியின் முதல் இலக்கணம் என்பதைக் காட்டியவர் பெர்னார்ட் கோன். 1985இல் 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' நான்காம் தொகுதியில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே மொழியின்மீதான ஆணை, ஆணையின் மொழி என்று இருபக்கமும் திரும்புவது. கம்பெனிக்காரர்கள் இந்திய மொழிகளைப் படித்தது காவியம் வாசிக்க அல்ல. சிப்பாயை, பல்லக்குத் தூக்கியை, சமையல்காரனை ஏவ. கில்கிறிஸ்டின் இந்துஸ்தானி உரையாடல் கையேடுகளில் எஜமான் வேலையாளிடம் சொல்லும் வாக்கியங்கள் மண்டிக்கிடந்தன. மதராசிலும் 1812இல் எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வந்தது. அங்கே எல்லிஸ் போன்றவர்கள் செய்த உயர்ந்த காரியங்களை நான் குறைக்கவில்லை. ஆனால் அங்கே படித்து வெளியே போகிற இளம் துரைக்கு முதல் வாரத்திலேயே தேவைப்பட்டது வினைச்சொல் பட்டியல்தான். கொண்டு வா, எடுத்துப் போ, நில். கையேட்டில் இல்லாத பதில் வேலைக்காரன் வாயிலிருந்து வந்தால் துரைக்கு அது விளங்காத சத்தம். எனக்கு அந்தச் சொல் தெரியாது என்று கணினி சொல்வது அவனைவிட நேர்மை.

கையேடு எடுபடாத இடம் ஒன்று மதராசில் இருந்தது. அது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை உடையும் பகுதி. துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர்வது மசூலாப் படகில். ஆணி அடிக்காமல் பலகைகளை நார்க்கயிற்றால் தைத்தது, அலை மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அந்தப் படகோட்டிகளின் ஊர்தான் இராயபுரம். இராயப்பர் என்கிற பேதுருவுக்கு அவர்கள் 1829இல் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. அலையைக் கடந்த வெள்ளைக்காரப் பயணிகளின் எழுத்தில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, துடுப்புக்கு ஏற்பப் படகோட்டிகள் பாடும் பாட்டு. இன்னொன்று, நடுவழியில் கூடக் காசு கேட்கிறார்கள் என்ற புலம்பல். பிடுங்கிகள், திமிர் பிடித்தவர்கள் என்று திட்டியபடியே அவர்கள் கையைப் பிடித்துத்தான் கரை இறங்கினார்கள். கோட்டைக்குள் ஏவல் செல்லும், அலையில் செல்லாது; எந்த நொடியில் துடுப்பைப் போடுவது, எந்த நொடியில் நிறுத்துவது என்பது படகோட்டிக்கு மட்டுமே தெரிந்த இலக்கணம். தோரின் பாட ஆரம்பித்தால் வேலை நிற்கிறது. மசூலாவில் பாட்டு நின்றால் வேலை நிற்கும். துறைமுகம் வந்ததும் அந்தப் பேரம் பேசும் இடமும் போயிற்று. துறைமுகத்தின் வரலாற்றைப் பொறியாளர்களின் சாதனையாக மட்டும் எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி வரைபடம். ஹாபிட்டின் தொடக்கத்திலேயே கண்டால்ப் உன் கையில் ஒரு விசித்திர வரைபடத்தைக் கொடுக்கிறான். உனக்கு அதை வாசிக்கத் தெரியாது. எல்ராண்டிடம் போய்க் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். பட்டாவையும் சர்வே நகலையும் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பது மாதிரிதான். ஆனால் உண்மையான வரைபடம் விளையாடுகிறவன் தன் நோட்டில் போடுவது. ஒவ்வொரு இடமும் ஒரு பெட்டி, வழி ஒவ்வொன்றும் ஒரு கோடு. இந்த வகை விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான், ஏனென்றால் இவற்றின் மூதாதையே ஒரு வரைபடம்.

1975-76இல் அமெரிக்காவின் வில் குரௌதர் எழுதிய 'அட்வென்ச்சர்'தான் அது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் வேலை செய்தவர். மணமுறிவுக்குப் பின் மகள்களோடு விளையாட என்று எழுதினார். 1977இல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். மெக்லர் விளையாடிச் சலித்த விளையாட்டும் இதுவே. கதை நடக்கும் குகை கற்பனை அல்ல, கென்டக்கியில் உள்ள மாமத் குகைத் தொகுதியின் ஒரு பகுதி. குரௌதரின் மூல நிரலைத் தேடிக் கண்டெடுத்த ஆய்வாளர் டென்னிஸ் ஜெர்ஸ், 2007இல் அதை நேரில் குகையோடு ஒப்பிட்டு எழுதினார். அந்தக் குகையை அளந்தவர்களில் குரௌதரின் மனைவியாக இருந்த பட்ரீசியாவும் ஒருவர். 1972 செப்டம்பரில் ஃபிளின்ட் ரிட்ஜ் குகையும் மாமத் குகையும் ஒன்றே என்று தவழ்ந்துபோய் நிறுவிய குழுவில் இருந்தவர் அவர். அளவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்கியது இருவருமாக. விளையாட்டின் வரலாற்றில் முதலில் நினைக்கப்படுகிற பெயர் ஒன்றுதான்.

அவருக்கும் முன்னால் இன்னொருவர். ஸ்டீபன் பிஷப், கறுப்பின அடிமை. 1838இல், ஏறக்குறையப் பதினேழு வயதில், குகைக்கு வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்டார். அந்த ஆண்டே அடியற்ற பள்ளம் என்று எல்லோரும் திரும்பிப்போன இடத்தைக் கடந்து அப்பாலுள்ள பாதைகளையும் நிலத்தடி ஆற்றையும் கண்டார். அடுத்த ஆண்டு குகையை வாங்கிய ஜான் குரோகன் அவரையும் சேர்த்தே வாங்கினார். 1842இல் லூயிவில் அருகே எஜமானின் வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தைப் போட்டார் பிஷப். அது 1845இல் ஒரு நூலோடு, அவர் பெயரோடே வெளியாயிற்று. மேலே தரையில் அவருக்குப் போக வழியில்லை. கீழே இருட்டில் துரைமார்களும் சீமாட்டிகளும் அவர் சொன்ன திசையில், அவர் விளக்கைப் பார்த்து நடந்தார்கள். கிழக்கே வா, குனி, நில் என்று ஏவியது அவர். குரோகனின் உயில்படி 1856இல் விடுதலை; 1857இல் சாவு. ஆக, மெல்பர்னில் கேசட்டில் அடைத்து விற்ற 'கிழக்கே போ' என்ற ஏவலின் வம்சாவளியைத் தேடிப்போனால் அதன் அடியில் கையில் விளக்கோடு நிற்பது ஓர் அடிமை.

பெட்டியும் கோடும் போட்ட வரைபடத்துக்கு ஒரு முன்முடிவு உண்டு. இடம் நகராது, வழி மூடாது. குகைக்கு அது சரி. எங்கள் ஊருக்குச் சரிவராது. முகத்துவாரம் என்பதே கொற்றலை ஆறு கடலில் சேரும் வாய். மணல் மேடிட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும், தூர் வாரினால் திறக்கும். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயர்தான் இங்கே திசையின் பெயரும். எந்த மாதம், என்ன காற்று, தண்ணி ஏறுதா இறங்குதா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓரிடத்துக்கு வழி. கழிமுகத்தில் வலையிடும் முறைக்குப் 'பாடு' என்று பெயர். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறைவைத்துச் சுற்றிவரும். இடத்தோடு காலத்தையும் சேர்த்து வரைந்த இந்த வரைபடம் தாளில் இல்லை. பிஷப்பின் வரைபடமும் தாளுக்கு வருவதற்கு முன் இப்படித்தான் ஒருவர் தலைக்குள் இருந்தது.

தாளில் இருக்கிற வரைபடத்தின் கதை வேறு. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் நீர்ப்பரப்பாக இருக்கிறது. மாநில அரசு தரப்பிலிருந்து வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிய ஆவணங்களால் 2017இல் பேச்சாயிற்று. டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வெளிவந்ததும் அந்த ஆண்டு ஜனவரியில்தான். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. சாம்பல் தண்ணீரை மெதுவாகத் தரையாக்குகிறது. வரைபடம் அதை ஒரே நாளில் செய்துவிடுகிறது. தண்ணீர் என்ற சொல் பட்டியலில் இல்லையென்றால், தண்ணீரில் போகிறவன் என்ன மனு தட்டினாலும் அந்தச் சொல் தெரியாது என்றுதான் பதில் வரும்.

கழிமுகம் இல்லாத அந்தப் படத்தை லேப்டாப்பில் காட்டினேன். "அப்ப நம்ம போட்டு எங்கண்ணே நிக்குது?" என்றான் ஒரு பையன். பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு நோட்டை வாங்கினார். ஹாபிட்டுக்குப் பெட்டியும் கோடும் போட்டிருந்த அதே நோட்டு. அவர் சொல்லச் சொல்லப் பையன்கள் அடுத்த பக்கத்தில் வரைந்தார்கள். இறால் தடவுகிற இடம், நண்டு இருந்து இப்போது இல்லாத இடம், சாம்பல் மேடு, பாலத்தடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் காற்றில் போகலாம் என்று எழுதச் சொன்னார். கிழக்கே கடலுக்குப் போகிற வழிக்கு மட்டும் கோடு போட வேண்டாம் என்றார். அந்த வாரம் வாய் மூடியிருந்தது.